பெங்களூரில் குழந்தையோடு ஆபீஸ் போக எந்த வண்டி?

"வண்டி வாங்கணும், எது நல்லதுண்ணா?" என்று ஆபீஸில் கேட்கிற தம்பிகள் எல்லாரும் முதலில் சொல்வது ஆபீஸ் தூரத்தைத்தான். மாரத்தஹள்ளி பன்னிரண்டு கிலோமீட்டர், எலெக்ட்ரானிக் சிட்டி இருபது என்று ஆரம்பிப்பார்கள். கல்யாணமாகாதவனுக்கு அந்தக் கணக்கு போதும். குழந்தை ப்ளே ஸ்கூல் போகத் தொடங்கிய வீட்டில் அங்கிருந்து ஆரம்பித்தால் விடை தப்பாகத்தான் வரும். அந்த வீட்டில் காலைப்பொழுதை ஆட்டிப்படைப்பது ஸ்கூலுக்கான இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். சின்னத் தூரம், ஆனால் நேரம் தவறக்கூடாது, குழந்தை கூட இருக்கும், மெட்ரோவும் ஸ்கூல் வாசல் வரை போகாது. அதற்கு ஒத்து வருகிற வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, ஆபீஸ் பயணத்தை அதன் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு அல்சூரில், மர்ஃபி டவுன் பக்கம். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகளுக்கு மூன்றரை வயது. ஸ்கூல் இந்திரா நகரில், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பகலில் அங்கேயே டே கேர், மாலை ஆறரைக்கு மூடிவிடுவார்கள். எனக்கு வேலை வொயிட்ஃபீல்டு பக்கம், மனைவிக்கு சிவாஜி நகர். அவள் பஸ்ஸில் போய் வருகிறாள். 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தால் கர்நாடக முகவரியுள்ள பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் கட்டணம் இல்லை. ஆதாரில் இன்னும் ஆம்பூர், வாணியம்பாடி முகவரியை வைத்துக்கொண்டு காசு கொடுத்துப் போகிற நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர், முதலில் அதை மாற்றுங்கள். குடும்பத்தில் ஒருவருடைய பயணச் செலவு பூஜ்யம் என்றால் மற்றவருக்கு வண்டி வாங்கும் கணக்கே மாறிவிடும்.

ஸ்கூட்டரிலிருந்து தொடங்குவோம், எல்லார் மனதிலும் முதலில் வருவது அதுதான். அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூட்டர் வேண்டும். மாமியார் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இரண்டு பையோடு இறங்கினால் ஸ்கூட்டர் வேண்டும். பெட்ரோல் செலவிலும் அது பலர் நினைப்பதைவிடச் சிக்கனம். வீட்டிலிருந்து வொயிட்ஃபீல்டு போய் வர 34 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மைலேஜ் 45. லிட்டர் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் போட்டாலும் ஒரு நாளைக்கு எண்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே தூரத்துக்கு மெட்ரோவில் ஒரு வழிக்கே எழுபது ரூபாய் அளவுக்கு வரும். 2025 பிப்ரவரியில் நம்ம மெட்ரோ கட்டணத்தை ஏற்றி உச்சக் கட்டணத்தை 90 ரூபாயாக்கிய பிறகு, தனி ஆளுக்குப் பெட்ரோலைவிட மெட்ரோவே அதிகச் செலவு. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்தால் இடைவெளி குறையும், அவ்வளவுதான். மெட்ரோ பக்கம் பேசுகிறவர்கள் இதை மறைக்கக்கூடாது.

ஆனால் ஸ்கூட்டரில் குழந்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால், கால் வைக்கும் பலகையில், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிறுத்தும் இடத்தில் அப்பா எஞ்சினை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிப் பையை எடுக்கத் திரும்புகிறார். குழந்தையின் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆக்ஸிலேட்டர். அந்தச் சின்னக் கை அதை முறுக்கினால் வண்டி பாயும். சடன் பிரேக் அடித்தால் குழந்தையின் முகவாய் நேராக ஹேண்டிலில் போய் மோதும். இது ஓட்டுபவரின் திறமையைப் பொறுத்த விஷயம் இல்லை, குழந்தை நிற்கும் இடமே அப்படி.

மத்திய மோட்டார் வாகன விதியில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் அறிவித்து ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தை இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் போட வேண்டும். தலையில் அளவான ஹெல்மெட் இருக்க வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. நான்கு வயதுக்கு மேல் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். தெருவில் இதைக் கடைப்பிடிப்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதில் ஒரு நல்ல விஷயம், அந்த விதி சின்னக் குழந்தைக்கு சைக்கிள் ஹெல்மெட்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரே ஹெல்மெட் வாங்கினால் இரண்டு வண்டிக்கும் ஆகும். முழு முகம் மூடும் கனமான ஹெல்மெட்டை மூன்று வயதுக் கழுத்தில் ஏற்ற வேண்டாம்.

ஸ்கூட்டருக்கு எதிராக எனக்குள்ள இன்னொரு புகார் நேரம். வேகம் போதவில்லை என்று சொல்லவில்லை, அதை நம்ப முடியவில்லை. டாம்டாம் நிறுவனத்தின் 2023 கணக்குப்படி பெங்களூர் நகருக்குள் பத்து கிலோமீட்டர் காரில் போக சராசரியாக 28 நிமிடம் ஆனது. மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம். சராசரிதானே, பரவாயில்லை என்று தோன்றும். ஸ்கூல் கேட்டை எட்டரைக்கு மூடுகிறவருக்கு சராசரி தெரியாது. சி.எம்.ஹெச். ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தால் எட்டு நிமிடப் பயணம் இருபது நிமிடமாகிவிடும். சைக்கிளில் அதே தூரம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். லாரி நின்றாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்பதால் அது அநேகமாக மாறுவதில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவனுக்கு வேகத்தைவிட அந்த மாறாமைதான் முக்கியம்.

சரி, சைக்கிள் என்று முடிவு செய்தால் எந்த சைக்கிள்? இங்கேதான் ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள்.

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கியர் வைத்த ஹைப்ரிட். பதினைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை. பார்க்க அழகு, ஓட்ட லேசு. பெங்களூர் சென்னை மாதிரி சமதரை இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ஊர், அல்சூர் ஏரிப் பக்கமிருந்து ட்ரினிட்டி சர்க்கிளுக்குப் போனால் தொடை சொல்லிவிடும். அதனால் கியர் வேண்டும் என்கிற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வகை சைக்கிள் பலவற்றில் கேரியர் மாட்ட ஃப்ரேமில் ஓட்டையே இருக்காது. மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற கியர் மாற்றி இருக்கிறதே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நிறுத்தினால் யாராவது இடித்து அது வளைந்துவிடும். அப்புறம் கியர் ஒன்று போட்டால் இன்னொன்றில் விழும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி விடாத கப்பன் பார்க்கைச் சுற்ற அருமையான சைக்கிள் அது. குழந்தையை ஏற்ற அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என் தேர்வைச் சொன்னால் சிரிப்பீர்கள். பார் இல்லாத சைக்கிள். நம் ஊரில் லேடீஸ் சைக்கிள் என்போம். கியர் இல்லாத, முன்னால் கூடை வைத்த, ஆறேழாயிரம் ரூபாய் சைக்கிள். காரணம் மிகச் சாதாரணமானது. பின்னால் குழந்தை சீட் மாட்டிவிட்டால், நாம் வழக்கமாகக் காலைப் பின்பக்கம் வீசி ஏறுகிறோமே, அது முடியாது. சீட்டின் முதுகு இடுப்புயரத்துக்கு நிற்கும், அதில் குழந்தையும் இருக்கும். பார் உள்ள சைக்கிளில் காலை முன்பக்கமாகத் தூக்கி ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். பேன்ட் போட்ட முப்பது வயது இடுப்புக்கு அது லேசில்லை, பாதியில் வண்டி சாய்ந்தால் குழந்தையோடு சாயும். பார் இல்லாவிட்டால் காலை நடுவில் விட்டு, இரண்டு பாதமும் தரையில் பதிய நின்று, அப்புறம் பெடலை மிதிக்கலாம். அவசரத்தில் இறங்குவதும் அப்படியே. அதோடு மனைவியும் அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம், உயரம் மட்டும் மாற்றினால் போதும். ஆண்கள் லேடீஸ் சைக்கிள் ஓட்டுவதா என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. அவர்கள் குழந்தையை அவர்களே கொண்டுபோய் விடட்டும்.

குழந்தை சீட்டில் இரண்டு வகை. ஹேண்டிலுக்கும் நமக்கும் நடுவில் வைப்பது, கேரியர் மேல் வைப்பது. நம் அப்பாக்கள் பாரில் ஒரு குட்டி சீட்டைத் திருகி உட்கார வைத்தார்களே, அதன் வாரிசுதான் முதல் வகை. பேச்சுத்துணைக்கு அதுதான் நல்லது. ஆனால் அது 15 கிலோ வரைக்கும்தான், நான்கு வயதுக்குள் அந்த எடை வந்துவிடும். நம் முழங்கால் இரண்டு பக்கமும் இடிக்கும். பின் சீட் பொதுவாக 22 கிலோ வரை தாங்கும், ஆறு வயது வரை ஓடும். ஒரு வயது ஆகாத குழந்தையை இரண்டிலும் ஏற்றக்கூடாது. கழுத்து நன்றாக நின்று, ஹெல்மெட்டோடு தானாக நிமிர்ந்து உட்காரும் வயது வர வேண்டும்.

பின் சீட் வாங்கும்போது விற்பவர் பெல்ட்டைக் காட்டுவார், மெத்தையைக் காட்டுவார். நீங்கள் குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பாதத்தை உள்ளே வைத்துப் பட்டியால் கட்டுகிற மாதிரி குழிவான தாங்கி இருக்க வேண்டும், பக்கத்தில் சக்கரத்தை மறைக்கும் தகடு இருக்க வேண்டும். கேரியரில் உட்கார்ந்த குழந்தை சக்கரத்தில் காலை விட்டுக் குதிகால் சதை பிய்ந்த கதை இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா? இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நம் சாதாரண சைக்கிள் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்ப்ரிங் இருக்கும். பின்னால் உட்காரும் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள வசதியாகக் கையெதிரே அதுதான் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது நம் எடையில் ஸ்ப்ரிங் அமுங்கும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். ஒன்று ஸ்ப்ரிங் இல்லாத சீட் போடுங்கள், இல்லாவிட்டால் கெட்டியான துணி அல்லது பழைய ட்யூப்பைச் சுற்றி ஸ்ப்ரிங்கை மறைத்துக் கட்டிவிடுங்கள்.

ஸ்டாண்டும் முக்கியம். ஒற்றைக் கால் சைடு ஸ்டாண்டில் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், குழந்தையைத் தூக்கி வைக்கும் அந்த நொடியில் எடை மாறிச் சரியும். பழைய கறுப்பு சைக்கிளில் இருந்ததே, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இரட்டைக் கால் ஸ்டாண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் குழந்தையை சீட்டில் வைத்துவிட்டுக் கையை எடுக்கக்கூடாது. பிரேக்கைப் பொறுத்தவரை, மலிவான சைக்கிளில் இரும்பு ரிம் வரும், மழையில் நனைந்தால் பிரேக் கட்டை அதில் வழுக்கும். சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் அலுமினிய ரிம் உள்ளதாகப் பாருங்கள்.

மாமியாருக்கு இதில் சம்மதம் இல்லை என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். "பாப்பாவ சைக்கிள்லயா மாப்ள கூட்டிட்டுப் போறீங்க? ஒரு ஸ்கூட்டர் வாங்க வசதியில்லையான்னு நாலு பேர் கேக்க மாட்டாங்க?" என்கிறார். பாதுகாப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தஸ்து பற்றிய கேள்வி அது, அதற்கு விலைப்பட்டியலில் பதில் கிடையாது. வீட்டில் ஸ்கூட்டரும் இருக்கிறது என்பது மட்டுமே அவரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியிருக்கிறது.

அடுத்தது எலெக்ட்ரிக் சைக்கிள். இதைத்தான் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள், நியாயமான ஆசை. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். விலை இருபத்தைந்தாயிரத்திலிருந்து நாற்பத்தைந்தாயிரம் வரை. பேட்டரியை ஒரு முறை முழுதாக ஏற்ற மூன்றில் ஒரு யூனிட் கரன்ட், இரண்டு மூன்று ரூபாய். மேட்டில் குழந்தையோடு மூச்சு வாங்க வேண்டியதில்லை, சட்டை நனையாமல் ஆபீஸ் போகலாம். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள். மிதிக்காமல் கைப்பிடியை மட்டும் முறுக்கினால் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். மிதித்தால் முப்பது, நாற்பது வரும்.

என் தயக்கம் இரண்டு. ஒன்று எடை. இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ. அடுக்குமாடிக் குடியிருப்பில் பேஸ்மென்ட்டும் ப்ளக் பாயின்ட்டும் இருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. என்னைப் போல மாடிப்படி வீட்டுக்காரர்கள் வண்டியைக் கீழே தெருவில் விட்டுவிட்டுத் தூங்க வேண்டும், முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளை. பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதை மட்டும் மேலே கொண்டுபோய் சார்ஜ் போடலாம், கழற்ற முடியாத மாடலை வாங்கவே வேண்டாம். இரவு முழுக்க வாசற்கதவுப் பக்கம் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், தீப்பிடித்தால் வெளியே ஓட வழியிருக்காது.

இரண்டாவது, பள்ளி வாசலில் அது நடந்துகொள்ளும் விதம். விலை குறைந்த மாடல்களில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்சம் கழித்துத்தான் மோட்டார் விழிக்கும். விழித்ததும் மொத்தமாகத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் கூடவே தள்ளும். திறந்த ரோட்டில் இது சுகம். எட்டே காலுக்கு, குழந்தைகளும் தாத்தாக்களும் ஆட்டோக்களும் அடைத்து நிற்கும் கேட்டுக்கு முன்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போது அந்தத் திடீர்த் தள்ளல் வேண்டாம். கடைசி நூறு மீட்டருக்கு மோட்டாரை அணைத்துவிடுவது நல்லது. பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்.

பஞ்சர் பற்றியும் கேட்பார்கள். மோட்டார் பின் சக்கரத்து அச்சில் இருப்பதால் சக்கரத்தைக் கழற்றினால் ஒயரையும் கழற்ற வேண்டும், தெருமுனைக் கடைக்காரர் தயங்குவார். கழற்றவே தேவையில்லை. சைக்கிளைப் படுக்க வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி, ட்யூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துத் தண்ணீர்த் தட்டில் முக்குவார். குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காய வைத்து ஒட்டு வைப்பார். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ட்யூப்பையே மாற்ற வேண்டி வந்தால்தான் வேலை.

வேகப் பூட்டை எடுத்துவிட்டு நாற்பதில் ஓடவைத்துத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். அப்படிச் செய்த நிமிடமே அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. விபத்து நடந்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

ஆகவே எலெக்ட்ரிக் சைக்கிள் யாருக்கு என்றால், ஆபீஸ் ஆறிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்து, வழியில் மெட்ரோ இல்லாதவருக்கு. கம்மனஹள்ளியிலிருந்து மான்யதா டெக் பார்க் போகிறவர், லிங்கராஜபுரத்திலிருந்து எம்.ஜி. ரோடு வருகிறவர் மாதிரி. அந்தத் தூரத்தை வெறும் சைக்கிளில் தினமும், குழந்தையை இறக்கிவிட்ட பிறகு ஓட்டச் சொன்னால் இரண்டாவது வாரமே ஸ்கூட்டருக்குத் திரும்பிவிடுவார்கள். மோட்டார் இருந்தால் தொடர்வார்கள். இந்த வகைக்காரருக்கு அதில் போடும் காசு தண்டமில்லை. பேட்டரி சில வருடத்தில் தளரும், புதிதுக்கு வண்டி விலையில் நல்ல பங்கு போகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மடிக்கிற சைக்கிள் எல்லாருக்கும் ஒரு காதல். எனக்கும் உண்டு. மெட்ரோவில் 2022இலிருந்து அதை மடித்து, கடைசிப் பெட்டியில், தனிக் கட்டணமில்லாமல் கொண்டுபோக விடுகிறார்கள். எடை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஸ்கேனர் வழியாகப் போக வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் என்று இரண்டு முனையையும் ஒரே வண்டி அடைத்துவிடும், மாடிக்கும் தூக்கிப் போகலாம். எல்லாம் சரி, குழந்தை எங்கே உட்காரும்? பெரும்பாலான மடிப்பு சைக்கிளில் குழந்தை சீட்டை முறையாக மாட்ட இடமே கிடையாது. மாட்டினால் மடிக்க முடியாது. சின்னச் சக்கரம் வேறு, பெங்களூர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். காலை ஒன்பது மணிக்கு வொயிட்ஃபீல்டு போகும் பர்ப்பிள் லைனில் ஏறிப் பார்த்தவர்கள், அதற்குள் 13 கிலோ இரும்பையும் அணைத்துக்கொண்டு நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஸ்கூல் வேனில் குழந்தை போகிற வீட்டுக்கு இது நல்ல வழி. நீங்களே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்றால் இல்லை.

ஸ்கூல் வேன், ஆட்டோ என்கிற வழியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றரை வயதை ஏழரைக்கே எழுப்பிக் கிளப்பி, நான்கு பேட்டை சுற்றி ஸ்கூலுக்கு அனுப்ப மனசில்லை. பெரியவர்களானதும் பார்க்கலாம்.

வொயிட்ஃபீல்டு வரை முழுவதையும் சைக்கிளிலேயே போய்விடலாமே என்று உற்சாகமான நண்பர்கள் கேட்பார்கள். பதினேழு கிலோமீட்டர் உடம்புக்குப் பெரிய தூரமில்லை, பெங்களூர் காலை வெயில் சென்னை வெயிலும் இல்லை. தடை ரோடு. பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபாக்டரி தாண்டி கே.ஆர். புரம் தொங்கு பாலத்துப் பக்கம், லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் சைக்கிளுக்கென்று எதுவும் இல்லை. 2020 கோவிட் காலத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டு வரை பதினேழு கிலோமீட்டர் அளவுக்குக் கம்பம் நட்டு சைக்கிள் பாதை பிரித்துக் கொடுத்தார்கள். ரோடு காலியாக இருந்த காலம், நன்றாகவே இருந்தது. பிறகு மெட்ரோ வேலை வந்தது, பாதை போனது. ஆகவே அந்தப் பாதையைச் சொல்லி யாராவது உங்களை உசுப்பினால் இப்போது போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தனி ஆளாக இருந்தால் துணிந்திருப்பேன். சாயங்காலம் ஆறரைக்கு டே கேர் வாசலில் நிற்க வேண்டியவன் அந்த ரோட்டில் தினமும் பந்தயம் கட்ட மாட்டேன்.

என் ஏற்பாடு இப்படி முடிந்திருக்கிறது. காலையில் பார் இல்லாத சைக்கிளில் மகளோடு இந்திரா நகர். அங்கே இறக்கிவிட்டு, பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனில் பூட்டிவிட்டு ரயில். 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர். புரத்துக்கும் இடையில் விடுபட்டிருந்த துண்டைத் திறந்த பிறகுதான் இது சாத்தியமானது, அதற்கு முன்னால் நடுவில் இறங்கி பஸ் மாற வேண்டியிருந்தது. சாயங்காலம் அதே வழியில் திரும்பல், மகள் பாதி வழியில் தூங்கிவிடுவாள். சீட்டின் முதுகு உயரமாக இருந்தால் தலை அங்கே சாயும், குட்டை முதுகு உள்ளதில் பக்கவாட்டில் தொங்கும். சீட் வாங்கும்போது அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டேஷனில் பூட்டுவது பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஸ்டேஷனிலும் பார்க்கிங் கிடையாது. இருக்கிற இடத்திலும் சைக்கிளுக்கு ஓரமாக ஒரு மூலைதான். வாங்கும் முன்னால் நேரில் போய்ப் பார்த்து, காவலாளியிடம் பேசிவைத்துக்கொள்வது நல்லது. மெல்லிய கேபிள் பூட்டை ஒரு கட்டிங் ப்ளேயர் முடித்துவிடும். இரும்பு வளையப் பூட்டாக வாங்கி, சக்கரத்தை மட்டும் பூட்டாமல் ஃப்ரேமை ஏதாவது கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஆறாயிரம் ரூபாய் சைக்கிளின் இன்னொரு வசதி இங்கே தெரியும். அதைத் திருட யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை.

மழைக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. பெங்களூர் மழையின் குணம் பெரும்பாலும் சாயங்காலத்தில். ஏப்ரல் மே மாதக் கோடை மழையும் சரி, செப்டம்பர் அக்டோபர் பெருமழையும் சரி, மதியத்துக்கு மேல் கறுத்து இருட்டும் வேளையில் கொட்டும். காலைப் பயணம் அநேகமாகத் தப்பிவிடும். சாயங்காலம் வானம் கறுத்திருந்தால் ஆபீஸிலிருந்தே மனைவிக்கு போன், அவள் ஆட்டோவில் போய் மகளைக் கூட்டிக்கொள்வாள், சைக்கிள் ஸ்டேஷனிலேயே இரவைக் கழிக்கும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் குழந்தையோடு சைக்கிள் வேண்டாம். பள்ளம் எங்கே, திறந்த சாக்கடை எங்கே என்று தெரியாது. ரெயின்கோட் போட்டுச் சமாளிக்கலாம் என்கிற வீரம் தனியாகப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்.

பணத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாடு மலிவு இல்லை. சைக்கிள், குழந்தை சீட், ஹெல்மெட், பூட்டு, லைட் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிக்கலாம். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானதும் உதவி. ஆனால் மெட்ரோவுக்கு மாதம் மூவாயிரம் அளவுக்குப் போகிறது, ஸ்கூட்டரில் போனால் பெட்ரோல் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்கு எனக்குக் கிடைப்பது ரயிலில் நிற்கும் நேரமும், கே.ஆர். புரம் சிக்னலில் புகை குடிக்காத நுரையீரலும், ஆறரைக்கு முன்னால் டே கேர் வாசலும். கட்டுப்படியாகிறது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் இறுக்கிப் பிடிக்க வேண்டிய வீட்டில் நானே ஸ்கூட்டரைத்தான் சொல்வேன், பின்னால் பெல்ட்டும் குழந்தை ஹெல்மெட்டும் போட்டு. ஏற்கெனவே ஸ்கூட்டர் இருந்தால் சைக்கிள் வாங்கிய ஜோரில் விற்றுவிடாதீர்கள். இரண்டு குழந்தை உள்ளவர்களுக்கும், ரோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் வீடு உள்ளவர்களுக்கும் கியர் இல்லாத சைக்கிள் ஒத்துவராது.

எங்கள் வீட்டிலும் இதற்கு ஆயுள் இரண்டரை வருடம்தான். சீட்டின் 22 கிலோவை மகள் தாண்டும்போது ஒன்றாம் வகுப்பில் இருப்பாள், பையும் கனத்திருக்கும். அப்போது பேட்டரி விலை இறங்கியிருந்தால் கனமான கேரியர் உள்ள எலெக்ட்ரிக் சைக்கிளைப் பார்க்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் ஸ்கூலை மாற்றி நடந்துபோகலாம் என்பது மனைவியின் யோசனை, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.